பெஞ்சில் உட்கார்ந்த சுவர்

அன்புள்ள மைத்துனனுக்கும், மதிப்புக்குரிய கம்ப்யூட்டர் ஹாக்கி லீக் தலைவர் அவர்களுக்கும்,

நீங்கள் இருவரும் ஒரே ஆள்தான் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. ஆகவே தலைவருக்கு எழுதும் இடத்தில் 'தாங்கள்' என்றும், மைத்துனனுக்கு எழுதும் இடத்தில் 'நீ' என்றும் போட்டிருக்கிறேன். திட்டு வரும் இடமெல்லாம் மைத்துனனுக்கு. இங்கு என் கடைவாய்ப் பல்லைத் தவிர அனைவரும் நலம். அங்கு நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன. போனில் சொல்லாமல் மின்னஞ்சலில் எழுதுவதற்குக் காரணம், கடையிலும் சரி வீட்டிலும் சரி, நான் பேசி உன் அக்கா காதில் விழாத இடம் என்று ஒன்று கிடையாது.

தாங்கள் போன சீசன் முடிவில் பன்னிரண்டு அணிகளை ஆறாகக் குறைத்தீர்கள். பாதிப் பேர் வெள்ளிக்கிழமை ஆட்டக்காரர் பட்டியலே அனுப்புவதில்லை, சனிக்கிழமை பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஆளில்லாத அணிகளை ஆடவிட்டுக்கொண்டிருக்கிறது என்றீர்கள். நியாயம்தான். நம்மில் ஒருவரும் நிஜ ஹாக்கி மட்டையைத் தொட்டதில்லை, உள்ளே ஆடுகிறவர்களும் வெறும் எண்கள், அந்த எண்களுக்காவது பொறுப்பாக ஒரு சொந்தக்காரர் வேண்டாமா? வேண்டும். ஆனால் 'முதல் ஆறு தங்கும், மற்றவை கலைக்கப்படும்' என்று அறிவிக்கும் முன் ஆறாவது யார், ஏழாவது யார் என்று ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா நீ? ஆறாவது நான். ஏழாவது உன் அக்கா. கடைசி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், என் அணி அவள் அணிமேல் ஒரு கோல் போட்டுவிட்டது. சத்தியமாக எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த நேரம் நான் கடையில் ஒருவரின் இடது கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தேன். "கட்டின பொண்டாட்டி டீமைக் கலைச்சுட்டுத்தான் நீங்க தங்கணுமா?" என்று கேட்டாள். கம்ப்யூட்டர் செய்ததற்கு நானா பொறுப்பு?

அதோடு போயிருந்தால் சமாளித்திருப்பேன். கலைத்த அணிகளின் ஆட்டக்காரர்களைச் சீட்டுக் குலுக்கிப் பங்கு போட்டாயே, அங்கேதான் வந்தது வினை. உன் அக்கா ஐந்து சீசனாக வைத்திருந்த கோல் கீப்பர், அவள் 'சுவரு' என்று செல்லமாகக் கூப்பிடுகிறவன், என் பங்கில் வந்து விழுந்தான். என்னிடம் ஏற்கெனவே ஒரு கீப்பர் இருக்கிறான். சின்ன வயசு, துடிப்பானவன். வலைக்கு முன்னால் ஒருவன்தானே நிற்க முடியும்? சுவர் பெஞ்சில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து உன் அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கடையில் நான் கண் பார்க்கிறேன், அவள் பிரேம் மாட்டுகிறாள், இரண்டு பேரும் பேசாமல் வேலை ஓடுமா? அதற்கும் வழி கண்டுபிடித்தாள். என் முன்னால் சோதனைக் கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரிடம், "சார், லென்ஸ் வந்தாச்சுன்னு அவர்கிட்ட கொஞ்சம் சொல்லிடுங்க" என்பாள். அவரும் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைப் படிப்பதை நிறுத்திவிட்டு என்னிடம் சொல்வார். ஒரு பெரியவர் மட்டும், "உங்களுக்குள்ள என்ன தகராறு?" என்று கேட்டார். ஹாக்கி என்றேன். அவர் மேற்கொண்டு எதையும் கேட்காமல் பழைய கண்ணாடியையே போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அணிகளைக் குறைத்ததால் லீக்குக்காவது லாபமா என்றால், அதுவுமில்லை, தலைவர் அவர்களே. முன்பு ஒவ்வொரு அணியிலும் நல்ல ஆட்டக்காரர் இரண்டு பேர், மீதி எல்லாம் இடத்தை அடைக்க. இப்போது ஆறு அணியிலும் எல்லாருமே சூரர்கள். யாரும் யாரையும் தாண்ட முடியவில்லை, முக்கால்வாசி வாரம் ஒன்றுக்கு ஒன்று சமம். முன்பெல்லாம் எப்பேர்ப்பட்ட தோல்விக்குப் பிறகும் அடுத்த வாரம் சகலை அணி இருக்கிறது, அதை ஜெயித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஆறுதல் இருக்கும். அந்த ஆறுதலையும் கலைத்துவிட்டீர்கள். மிச்சமிருக்கிற ஐந்து பேரோடேயே திரும்பத் திரும்ப மோதி, எல்லாரும் பகையாளி. அதிலும் எங்கள் கடை மாடியில் இருக்கும் பல் டாக்டர் அணிக்கு இந்த சீசனில் எங்கிருந்துதான் மூளை வந்ததோ, என்னை இரண்டு தடவை மண்ணைக் கவ்வ வைத்தது, மூன்றாம் தடவை நான் ஜெயித்தேன். ஜெயித்த மறுநாள் பல் வலி ஆரம்பித்தது. எந்த முகத்தோடு போய் வாயைத் திறப்பேன்? அவர் கையில் ஊசி இருக்குமே! உன் அக்காவுக்கும் ஏதோ பல் தொந்தரவு போல, வெள்ளிக்கிழமை தவறாமல் மாடி ஏறி இறங்குகிறாள். அவளுக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லை.

கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். சுவரை எழுப்பி ஆடவிட்டேன். முதல் ஆட்டம் முடிந்ததும் டீ சூடாக வந்தது. இரண்டாவது ஆட்டம் முடிந்ததும், "இப்பத்தான் மனுஷனா நடந்துக்கறீங்க" என்று நேராக என்னிடமே சொன்னாள், நடுவில் வாடிக்கையாளரே இல்லாமல். மூன்றாவது ஆட்டத்திலும் அவன்தான் நின்றான், இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை, டாக்டர் அணியோடு. வாழ்க்கையில் நான் எந்தக் கோப்பையும் வாங்கியதில்லை, பள்ளிக்கூடத்தில் சாக்கு ஓட்டத்தில்கூட விழுந்தவன். இந்தக் கோப்பைக்கு என் சின்ன வயசு கீப்பர் பையன் நின்றால்தான் சரிவரும் என்று மனசு அடித்துச் சொல்லுது. உன் அக்காவோ, "ஃபைனல்ல சுவருதான் நிக்கணும், சொல்லிட்டேன்" என்கிறாள். நான் என்னடா பண்றது?

ஆகவே தலைவர் அவர்களை மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்வது: சனிக்கிழமைக்குள் உன் அக்காவின் அணியைத் திருப்பிக் கொடுத்து, சுவரையும் அவளிடமே சேர்த்துவிடு. அவளும் சிரித்த முகமாக இருப்பாள், நானும் மனசாட்சி உறுத்தாமல் என் பையனை நிறுத்திக்கொள்வேன். பொறுப்பில் இருக்கும் தங்களுக்கு என் வணக்கம். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி, எல்லாரும் பல் நோவு இல்லாமல் நெடுநாள் வாழுங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் இடத்தில் தப்பிப் பிழைத்த உன் அத்தான்

பின்குறிப்பு: இதை அனுப்பும் முன் வலி தாங்க முடியாமல் மாடிக்குப் போனேன். டாக்டர் ஊசி போட்டு, வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, சாவகாசமாகச் சொன்னார்: "ஹாக்கியா? நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. எங்க டீமை உங்க வீட்டம்மாதான் பாத்துக்கறாங்க. வெள்ளிக்கிழமை வந்து லிஸ்ட் போட்டுட்டுப் போவாங்க. உங்ககிட்ட இருக்கற அந்தச் சுவரு, தொடர்ந்து மூணு ஆட்டம்தான் தாங்குவானாமே? நாலாவதுல சுத்தமா ஓஞ்சுடுவானாம். அஞ்சு சீசன் வெச்சிருந்தவங்களாச்சே, அவங்களுக்குத் தெரியாதா?" வாய் நிறையப் பஞ்சோடு இறங்கி வந்தேன். உன் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டு, என் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், "சனிக்கிழமை சுவருதானே?" என்றாள். அவள் முகத்தில் இத்தனை குஷியைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். எனவே மேலே எழுதிய எதையும் நீ செய்ய வேண்டாம். அவளுக்கு இருக்கிற அணியே போதும். என் பட்டியலில் சுவர்தான். நீ நேரத்துக்குப் பொத்தானை அழுத்து. கோப்பையை மட்டும் மாடிக்கு அனுப்பாமல் எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிடு.