வீல் கழட்டி இரிக்கி

பொய் சொல்லப் பயந்த கஞ்சன் என்ன பாடு படுவான் என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் எல்லாக் கையும் என் பக்கம்தான் நீளும். நான் கஞ்சன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது என்னைப் பற்றி, 'கொஞ்சம் கவனமான ஆள்' என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஒரு கெப் இருந்தது. (முன்னால் ஆள் இருக்கவும் பின்னால் சாமான் ஏற்றவும் வசதியான வண்டி.) நுரைச்சோலைத் தோட்டத்து வெங்காயத்தையும் பீட்ரூட்டையும் புத்தளம் சந்தைக்குக் கொண்டுபோக வாங்கியது. வாங்கிய அன்றே அது ஊர்ச் சொத்தாகிவிட்டது. சனிக்கிழமை பின்னேரமானால் சொந்தக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். ஞாயிறு கல்யாணத்துக்கு விருந்தாளிகள் உட்காரக் கதிரை ஏற்ற வேண்டும், யாருடைய மகளுக்கோ வாங்கிய அலுமாரியைக் கரைத்தீவில் இறக்க வேண்டும், இரண்டு ஆட்டைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். (ஆடு போய்விடும், வாசம் என்னோடு இருக்கும்.) இல்லை என்றால் உறவு முறியும். வண்டி பழுது என்றால் அது பொய். ஐந்து நேரமும் தொழுகிறவன் வாயில் பொய் வரலாமா?

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். சனிக்கிழமை அஸர் தொழுததும் வண்டியை ஜெக்கில் தூக்கி, கேட்டிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற முன்பக்க இடது வீலைக் கழற்றி முருங்கை மரத்தில் சாய்த்து வைத்துவிடுவேன். வருகிறவர்களிடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "வீல் கழட்டி இரிக்கி" என்பேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை! வந்தவர்கள் எனக்காகக் கவலைப்பட்டு, துஆ செய்துவிட்டுப் போவார்கள்.

திங்கட்கிழமை காலையில் வீலைத் திரும்பப் பூட்டுவேன். வாரம் தவறாமல் கழற்றுகிற வீல் வழியில் தனியாகப் போய்விடுமோ என்று பயம். அதனால் ஸ்பேனரின் வாலில் நீளமான தண்ணீர்க் குழாய் ஒன்றைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று குதித்து நட்டுகளை இறுக்குவேன். முதலில் கைக்கு எட்டிய நட்டு, பிறகு அதற்குப் பக்கத்து நட்டு. முறையாவது ஒழுங்காவது! வீலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட வேண்டும் என்றும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் சோற்றிலேயே மணல் இருக்கும்.

கொஞ்ச நாளில் வண்டிக்கு நடுக்கம் கண்டது. பிரேக்கில் கால் வைத்தால் ஸ்டியரிங் கைக்குள் நின்று வெடவெடவென்று ஆடும். மதுரங்குளியில் கராஜ் வைத்திருந்த ஜெராட் பாஸிடம் கொண்டுபோனேன். (எங்கள் பக்கம் கைவேலை தெரிந்த எல்லாரும் பாஸ்தான்.) ஜெராட் பாஸ் வேலையை விடக் கதை அதிகம் செய்கிறவர். வண்டியைச் சுற்றி வந்து, "டிஸ்க் வளஞ்சி போச்சி முதலாளி" என்றார். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தோடு சுழல்கிற இரும்புத் தட்டு அது. புதிதாகப் போட்டார். வண்டி பட்டுப்போல நின்றது. சில வாரங்களில் மறுபடியும் ஆட்டம். பிரேக் கட்டைகளையும் மாற்றினார், தட்டையும் மாற்றினார். மறுபடியும் ஆட்டம். "எல்லாம் இப்ப வாற சாமான்ட கொற" என்று உலகத்தையே திட்டினார்.

நான் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தேன். என் மனைவி ஸரீனாவின் நானா, அதாவது அண்ணன், நிஸ்தார். கடலுக்குப் போகிற மனிதர், வாய் அதிர்ந்து பேசமாட்டார். கிழமை நாட்களில் மீன் பெட்டி ஏற்ற அவர் கெப்பைக் கேட்டால் மட்டும் என்னால் மறுக்க முடியாது. பெருநாளன்று எல்லாரும் சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பிரேக்ல கால வெச்சிட்டே ஓட்டுறவங்களுக்கு வண்டியக் குடுத்தா டிஸ்க் எப்பிடி நிக்கும்?"

நிஸ்தார் மச்சானின் கை சஹனிலேயே நின்றது. "நான் அப்பிடி ஓட்டுறல்ல மச்சான்" என்றார். கையைக் கழுவினார். மடியிலிருந்த வண்டிச் சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஸரீனா என்னோடு சண்டை பிடிக்கவுமில்லை. சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன். கூடப்பிறந்தவர் வருகிற நேரத்துக்கு அவள் கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், மச்சான் வண்டியைத் தொடாத காலத்திலும் தட்டு வளைந்தது. மறுபடியும் மதுரங்குளி. இந்த முறை ஜெராட் பாஸ் வீலைக் கழற்றப் போய், நட்டு அசையாமல், உறுமி, வியர்த்து, கடைசியில் ஸ்பேனரோடு மல்லாந்து விழுந்தார். எழுந்து வந்து வீலுக்குப் பின்னால் விரலை விட்டு எடுத்தால் மணல்.

"முதலாளி, ஒவ்வொரு முறையும் இடப் பக்கத் தட்டு மட்டும்தான் வளையிது. ஏன் எண்டு இப்ப வெளங்குது. இந்த நட்ட இறுக்கினது மனிசனா, யானையா? ஒண்டு சாகிற மாதிரி இறுக்கம், ஒண்டு பாதி இறுக்கம். இடையில மணல் வேற. இப்பிடி நெரிச்சா தட்டு வளையாம என்ன செய்யும்? ஆரோ ஒருத்தன் இந்த வீலக் கழட்டிக் கழட்டிப் பூட்டுறான்!"

அந்த யானை நான்தான் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். சொன்னால் மச்சானின் பெயர் மீளும், என் பெயர் கப்பலேறும். "அப்பிடியா? ஆரா இருக்கும்?" என்று நானும் சேர்ந்து ஆச்சரியப்பட்டேன். (அதுவரை பொய் சொல்லாமல் காத்த வாய்!)

நான் வீடு வந்து சேர்வதற்குள் ஜெராட் பாஸின் கதை எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. யாரோ பொறாமைக்காரன் எனக்குக் கெடுதல் செய்கிறான் என்று சொந்தமெல்லாம் கொதித்தது. நிஸ்தார் மச்சானுக்கும் செய்தி போனது. அந்த ஆளைப் பிடித்தால் தன் மேல் விழுந்த பழி போகும் என்று அவர் நினைத்திருக்கிறார். அவருடைய இந்த நினைப்பு அப்போது எனக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை ஜமால்தீன் மாமா போனில் அழைத்தார். "மருமகன், நாளைக்கிக் கதிர ஏத்தணும். பின்னேரம் வாரன்." இனிமேல் வீலைத் தொடுவதில்லை என்று தீர்மானித்திருந்த மனம் ஒரே நொடியில் மாறியது. 'இந்த முறை மெதுவாக இறுக்கினால் போச்சு' என்றது என் புத்தி. அஸர் முடிந்ததும் ஜெக்கை எடுத்துக்கொண்டு குந்தினேன். நட்டுகளைக் கழற்றி, வீலை இழுத்து மடியில் வைத்த நேரம், தென்னங்கிடுகு வேலிக்குப் பின்னால் ஒரு சத்தம்.

"பிடிச்சிட்டன்! இனி வுடமாட்டன்!"

தலைக்கு மேல் என்னவோ விரிந்தது. அடுத்த கணம் நானும் வீலும் வீச்சுவலைக்குள். கடல்காரன் காவல் இருந்தால் கம்பையா கொண்டுவருவான்? துள்ளினேன். ஈயக் குண்டுகள் முழங்காலில் இடித்தன. வலையின் கயிற்றைப் பிடித்தபடி நிஸ்தார் மச்சான் ஓடிவந்தார்.

"ஆருடா நீ? எங்கட மச்சான்ட வண்டிக்கு ஏன்டா..." என்றவர் குனிந்து பார்த்தார். கயிறு கையிலிருந்து நழுவியது. "மச்சானா?"

எனக்காகத்தான் வந்திருக்கிறார். நான் எல்லார் முன்னாலும் கேவலப்படுத்திய மனிதர், என் வண்டியைக் காக்க வேலிக்குப் பின்னால் நுளம்புக் கடியில் குந்தியிருந்திருக்கிறார். வலைக்குள் உட்கார்ந்தபடி நான் வெட்கத்தில் குன்றிப்போனேன். சத்தம் கேட்டு ஸரீனா வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள், மடியிலிருந்த வீலைப் பார்த்தாள், முருங்கை மரத்தையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்ப எங்கட நானாட பேரக் கெடுத்தது நீங்கதானா?"

பதில் சொல்ல வாயெடுக்கும் நேரம் பார்த்துக் கேட்டைத் திறந்துகொண்டு ஜமால்தீன் மாமா உள்ளே வந்தார். வலையைக் கண்டாரோ இல்லையோ, வந்த காரியத்தில் குறியாக, "மருமகன், கெப் ரெடியா?" என்றார்.

பழக்கதோஷம். வலைக்குள் இருந்தபடியே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன்.

"வீல் கழட்டி இரிக்கி, மாமா."

முதலில் சிரித்தது நிஸ்தார் மச்சான். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற ஸரீனாவுக்கும் தோள் குலுங்கியது. நான் வலைக்குள்ளிருந்தே மச்சானிடம் மாப்புக் கேட்டேன். "மொதல்ல சாவியத் தாங்க, பொறகு வலையக் கழட்டுறன்" என்றார். கொடுத்தேன். மறுநாள் கதிரை ஏற்றினது அவர்தான்.

அதற்குப் பிறகு டிஸ்க் வளையவே இல்லை. வண்டி வீட்டில் நின்றால்தானே வீலைக் கழற்றலாம்? எங்கள் குடும்பத்தில் இப்போது சாக்குச் சொல்லுகிற யாரையும் யாரும் திட்டுவதில்லை. தேத்தண்ணி கேட்டால் அடுக்களையிலிருந்து ஸரீனா, "அடுப்பு கழட்டி இரிக்கி" என்பாள். மகனைப் படிக்கச் சொன்னால், "புத்தகம் கழட்டி இரிக்கி வாப்பா" என்கிறான்.

போன மாதம் நிஸ்தார் மச்சானின் மகளுக்குக் கல்யாணம். சீர்ச் சாமான் ஏற்ற என் கெப்தான். காலையில் போய்ப் பார்த்தேன், மல்லிகைச் சரம் சுற்றி அலங்கரித்து வைத்திருந்தார்கள். முன்பக்க இடது வீலுக்கு மட்டும் பூ இல்லை. படகு கட்டுகிற சங்கிலியை அதற்குள் விட்டுச் சுற்றி, பெரிய பூட்டு ஒன்று போட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஏன் என்று கேட்டார்கள். மச்சான் என்னைக் கைகாட்டினார்.