தலைமறைவானவர் கையொப்பமிட வேண்டிய இடம்

ஓடிப்போவது குற்றவாளியின் வேலை. பிடித்து வருவது போலீஸின் வேலை. இரண்டில் ஓடுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு: அவன் வேலைக்குப் படிவம் கிடையாது.

இந்த உண்மை அந்த ஸ்டேஷன் ஏட்டுக்குத் தெரியவர முப்பத்தொரு வருஷ சர்வீஸ் ஆயிற்று. அதுவும் சொந்த அக்காவின் பல்லால் தெரியவந்தது.

அக்காவுக்குக் கடைவாயில் ஒரு சொத்தைப் பல். மார்க்கெட் தெரு மாடியில் புதிதாகப் பலகை மாட்டியிருந்த டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனதே ஏட்டுதான். "கைராசிக்காரர், பயப்படாதே" என்று தட்டிக்கொடுத்து உட்காரவைத்ததும் அவர்தான். ஊசி போட்டதில் வாய் மரத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்த பிறகுதான் அலறினாள். முன்வரிசையில் முத்துப்போல இருந்த நல்ல பல் நான்கும் காணோம். சொத்தைப் பல் மட்டும் இருந்த இடத்திலேயே சௌக்கியமாக இருந்தது.

இப்படி ஊரில் முப்பத்தெட்டு பேர். விசாரித்ததில் அவன் படித்தது பல் அல்ல, பூட்டு ரிப்பேர் என்று தெரிந்தது. போலீஸ் மாடிப்படி ஏறுவதற்குள் ஆள் விமானம் ஏறிவிட்டான். ஊர் அவனுக்குச் 'சொத்தை' என்று பேர் வைத்து மனதை ஆற்றிக்கொண்டது.

அக்காவின் மனசு ஆறவில்லை. அன்று முதல் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசுவாள்.

"டேய், அவனை நீ கூண்டுல ஏத்தற அன்னைக்குத்தான் உன் வீட்டு வாசப்படி மிதிப்பேன். அதுவரைக்கும் எனக்குத் தம்பி இல்லை."

தாயில்லாத வீட்டில் அவருக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அக்கா. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது. அதற்குள் சொத்தையைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஏட்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினார்.

வெளிநாடேகிய நபர்களை மீட்டழைக்கும் தனிப்பிரிவு என்று தலைமை அலுவலகத்தில் ஒன்று இருந்தது. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஓர் எழுத்தர் அம்மா. ஏட்டு கொடுத்த பதினொரு பக்கப் படிவத்தை அந்தம்மா நிதானமாகப் புரட்டினாள்.

"ஏழாம் பக்கத்துல கையெழுத்து இல்லையே."

"யார் கையெழுத்தும்மா?"

"ஓடிப்போனவரோடது. 'நான் தலைமறைவாக உள்ளேன் என இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.' கீழே கையெழுத்து, தேதி."

"அவன்தான் ஓடிட்டானேம்மா."

"அது நீங்க சொல்றது. நாளைக்கு அவரே இங்க வந்து, 'நான் எங்கே ஓடினேன்?'னு கேட்டா நாங்க என்ன பதில் சொல்றது?"

"வந்து கேட்டா பிடிச்சுப்போட்டுடலாமேம்மா!"

அந்தம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். உடுப்பு மாட்டியும் இப்படி ஒரு வெகுளியா என்கிற பார்வை.

"போட்டோவும் பழசு. மூணு மாசத்துக்குள்ள எடுத்தது வேணும். ரெண்டு காதும் தெரியணும்."

சொத்தையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தினமும் ஒரு பாலத்தின் முன்னால், ஒரு நீரூற்றின் முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தான். ஏட்டு படிவத்தைப் படமெடுத்து இணைத்துப் போனில் எழுதினார்: 'மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் தலைமறைவாக இருப்பது தொடர்பாகத் தங்கள் மேலான ஒத்துழைப்பு தேவைப்படுகிறது.'

பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. 'ஏட்டய்யா சௌக்கியமா? அக்கா வாய் எப்படி இருக்கு?' கூடவே ஏழாம் பக்கம் கையெழுத்தோடு. இரண்டு காதும் தெரிகிற போட்டோ. ஒன்பதாம் பக்கத்தில் தன் தகப்பன் பேரை ஏட்டு தப்பாக எழுதியிருந்ததையும் திருத்தி அனுப்பியிருந்தான். அந்த வழக்கில் எழுதிய கடிதத்துக்கு உடனே பதில் போட்ட ஒரே ஆள் குற்றவாளிதான்.

அடுத்து, அந்த நாட்டிலிருந்து ஓலை வந்தது: 'தடயப் பொருளான பற்களைப் பரிசீலனைக்கு அனுப்புக.'

மார்க்கெட் தெரு மாடியில் கைப்பற்றிய அக்காவின் நான்கு பல்லும் தீப்பெட்டிக்குள் அரக்கு முத்திரையோடு ஸ்டேஷன் பீரோவில் இருந்தன. எழுத்தர் அம்மா பேனாவைக் கடித்தாள்.

"பல்லுங்கறது பொருளா, ஆளா?"

"அக்கா பல்லும்மா."

"பொருள்னா சுங்கத்துல சொல்லணும். ஆள்னா பாஸ்போர்ட் வேணும். ஆள்ல ஒரு பகுதிக்குப் பாஸ்போர்ட் கொடுக்க விதி இல்லை. ஆள் வந்தா முழுசா வரணும்."

இந்தச் சிக்கலுக்கு நான்கு மாதம் யோசித்து மேலிடம் ஒரு வழி கண்டது. ஐந்து அதிகாரிகள் கொண்ட உயர்நிலைக் குழு பற்களைக் கையோடு எடுத்துச் செல்வது. பன்னிரண்டு நாள் தங்கி ஆராய்வது. ஏட்டின் இன்ஸ்பெக்டரும் குழுவில் ஒருவர். ஏட்டைச் சேர்க்கவில்லை. வழக்கைப் பற்றித் தெரிந்தவர் என்பதால் நடுநிலைமை கெட்டுவிடுமாம்.

போனவர்கள் கழுத்தில் மப்ளரோடு திரும்பினார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் இன்ஸ்பெக்டர் மப்ளரைக் கழற்றவே இல்லை. ஒரே வாரத்தில் ஸ்டேஷன் முழுக்க மப்ளர். லாக்கப்பில் இருந்த பிக்பாக்கெட்காரன்கூடத் துண்டை அப்படிச் சுற்றிக்கொண்டான்.

"ஐயா, சொத்தையைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம என்ன? ஊரெல்லாம் சுத்திக் காட்டினதே அவன்தான்."

"பிடிக்கலையா ஐயா?"

"பிடிக்கிறது வேற குழுய்யா. நாங்க பல் குழு."

"பல்லைப் பார்த்து என்ன சொன்னாங்க?"

இன்ஸ்பெக்டர் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். பல் பீரோவிலேயே இருந்தது. எடுத்துப்போக மறந்துவிட்டார்கள். ஆகவே இரண்டாம் உயர்நிலைக் குழு ஒன்று தவிர்க்க முடியாததாயிற்று.

அந்தக் குழு கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை, சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு ஓர் ஆள் ஸ்டேஷனுக்குள் வந்தான்.

"ஏட்டய்யா, வந்துட்டேன். குளிர் தாங்கலை. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. பிடிச்சுக்குங்க."

ஏட்டு நாற்காலி கவிழ எழுந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அக்கா தன் வீட்டு வாசப்படி ஏறுவது கண்ணுக்குள் வந்துவிட்டது. தரதரவென்று இன்ஸ்பெக்டர் அறைக்கு இழுத்துப்போனார்.

"யாரைக் கேட்டுய்யா வந்தான்?" என்று இன்ஸ்பெக்டர் எகிறினார். "இவனை வரவழைக்கிற கோப்பு நடப்புல இருக்கு. இவனா வந்து நின்னா கோப்பு என்னாகறது? டிக்கெட் எல்லாம் போட்டாச்சுய்யா!"

தனிப்பிரிவுக்குப் போன் போட்டார்கள். எழுத்தர் அம்மா கறாராகச் சொன்னாள்: "ஏழாம் பக்கத்துல தலைமறைவா இருக்கேன்னு எழுதிக் கொடுத்திருக்கார். இல்லாத ஆளை எப்படிக் கைது பண்ணுவீங்க? அரசாங்கத்துக்குக் கொடுத்த உறுதிமொழிக்கு விரோதமா ஸ்டேஷன்ல வந்து நிக்கறது தனிக் குற்றம்."

"அந்தக் குற்றத்துக்காவது பிடிச்சுக்கட்டுமாம்மா?" ஏட்டு கெஞ்சினார்.

"அதுக்கு வேற படிவம். அதுலயும் ஏழாம் பக்கம் உண்டு."

முடிவு எடுக்கப்பட்டது. அடுத்த வாரம் குழு போகிற விமானத்திலேயே சொத்தையும் திரும்பிப் போகவேண்டியது. அங்கே போய் உரிய முறையில் தேடப்பட வேண்டியது.

"அதுவரைக்கும் எங்கேயும் ஓடிடக் கூடாது, தெரியுதா?" என்று மிரட்டிய இன்ஸ்பெக்டர் சட்டென்று "அம்மா!" என்று கன்னத்தைப் பிடித்தார். மப்ளர் நழுவியது. ஒரு பக்கம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"பல்லுங்களா சார்?" என்றான் சொத்தை பரிவாக.

"நீ அங்கே என்னடா வேலை பார்த்தே?"

"பல் வேலைதான் சார். நாய்ங்களுக்கு. ஒரு கடையில நாளைக்கு இருபது நாய்க்குப் பல் விளக்கிவிடுவேன்."

இன்ஸ்பெக்டர் வலியிலும் யோசித்தார். "எல்லாம் வெளிநாட்டு நாயா?"

"ஒண்ணுகூட நம்மூர் நாய் இல்லை சார்."

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார்.

வெளிநாடு போய்வந்த டாக்டர் ஸ்டேஷனில் பார்க்கிறாராம் என்கிற சேதி மத்தியானத்துக்குள் ஊரைச் சுற்றியது. சாயங்காலம் வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனை வரை நின்றது. ஏட்டுக்கு டோக்கன் எழுதும் பணி ஒதுக்கப்பட்டது. வந்தவர்களில் முப்பது பேருக்கு மேல் பழைய புகார்தாரர்கள். நம்பர் மட்டும்தான் புதுசு.

கூட்டத்தை இடித்துக்கொண்டு அக்கா வந்தாள். ஏட்டு துள்ளி எழுந்தார்.

"அக்கா, வந்துட்டான்! நல்லாப் பார்த்து அடையாளம் சொல்லு, இவன்தானே?"

"கத்தாதே. எனக்கு எத்தனாவது நம்பர்?"

"அக்கா! உன் பல்லைப் பிடுங்கினவன் அக்கா!"

"அப்போ அவன் உள்ளூர்க்காரன்டா. இப்போ அவர் வெளிநாட்டுல இருந்துட்டு வந்திருக்கார். போய் அந்தத் தீப்பெட்டியை எடுத்துட்டு வா, திருப்பி மாட்டித் தருவாராம்." பிறகு குரலைத் தணித்தாள். "முடிஞ்சதும் நேரா உன் வீட்டுக்குத்தான் வரேன். சுடுதண்ணி போட்டு வைக்கச் சொல்லு."

அதே நேரம் அறைக் கதவு திறந்து இன்ஸ்பெக்டர் வந்தார். மப்ளர் இல்லை. முன்பல் இரண்டும் இல்லை. வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது. பெருமையாக எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

"வெளிநாட்டு வேலைன்னா வேலைதான்யா!" என்றது வரிசை.

ஏட்டு நாற்பதாவது டோக்கனை அக்காவிடம் கொடுத்தார். ஏறக்குறைய ஒரு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் அவருக்கும் கடைவாயில் ஒன்று விரிசல் விட்டு விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். நாற்பத்தொன்று என்று எழுதி, ஓசைப்படாமல் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.