வாய் திறக்காத ஆம்ப்ளிஃபயரும் உடன்பிறந்தவளும்

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இல்லை. அங்கே, அதாவது எனக்கு நாலு மேசை தள்ளி, நீ நலமா என்று கேட்க மனசு வரவில்லை. கடிதம் என்றால் கேட்டாக வேண்டும் என்பதால் கேட்டு வைக்கிறேன். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். செவ்வாய்க்கிழமையிலிருந்து நீ போனை எடுப்பதில்லை, என் தலையைக் கண்டாலே தண்ணீர் பிடிக்கப் போய்விடுகிறாய். ஆகவே பேனா.

காது கேட்கும் கருவிக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்யச் சொன்னார்கள். சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி பத்து நாள் தாங்க வேண்டும், அதே நேரம் லட்சம் மடங்கு பெருக்கும் திறனும் வேண்டும். கரண்ட்டைக் குறைத்தால் வேகம் படுத்துவிடும், பெருக்கத்தைக் கூட்ட ஒரு கட்டத்துக்குப் பதில் மூன்று கட்டம் வைத்தால் ஊளையிடும். பதினொரு மாதம் மல்லுக்கட்டி, மூன்று மைக்ரோஆம்பியரில் முடித்து, வரைபடத்தை உன் கையில் கொடுத்தேன். அதை அப்படியே சிலிக்கானில் இடம் பிரித்து வரையும் லேஅவுட் மட்டும்தான் உன் வேலை. உள்ளே நுழைந்ததும் இருக்கும் ரெண்டு டிரான்சிஸ்டரும் இரட்டைப் பிள்ளைகள், ஒரே அளவு, ஒரே திசை, பிரித்துவிடாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். நீ "இடம் பத்தலைண்ணா" என்று சொல்லி என் கெப்பாசிட்டரை மூலைக்குத் தள்ளினாய், இன்னும் எதை எதை எங்கே தள்ளினாயோ.

நாலு மாதம் கழித்துச் சிப் வந்தது. புத்தி கெட்டுப் போய் நான்தான் எல்லோரையும் சோதனை அறைக்குக் கூப்பிட்டேன். நம் மேலாளர் பூதக்கண்ணாடி (இந்தப் பெயரை வைத்ததும் நீதான்) முன்னால் வந்து நின்றுகொண்டார். சுவிட்சைப் போட்டேன். திரையில் இருந்த கோடு நேராக மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது. மைக்கில் ஹலோ என்றேன், கத்தினேன், கைதட்டினேன், வரவேற்பில் உட்காரும் அம்மாள் ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார், கோடு மட்டும் அசையவில்லை. பேட்டரியை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், சிப்பையே மாற்றினேன், அந்த அவசரத்தில் சால்டரிங் அயர்னை முனைப்பக்கம் பிடித்துக் கட்டைவிரல் பொரிந்துவிட்டது, கையெழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம். பூதக்கண்ணாடி மீட்டரைக் குனிந்து பார்த்து, "கரண்ட் சொன்னதை விடக் கம்மியாத்தான் எடுக்குது. வேலைதான் செய்ய மாட்டேங்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன், "என் வரைபடத்துல தப்பில்ல சார், லேஅவுட்ல மாத்திப் போட்டிருக்காங்க" என்று. யார் என்று பூதக்கண்ணாடி கேட்டார். உன்னைக் காட்டினேன். "உன் வரைபடமும் என் லேஅவுட்டும் பொருந்துதான்னு ஒப்பிடுற சாஃப்ட்வேர் பச்சை காட்டுச்சேண்ணா" என்றாய். "அதையும் ஏமாத்தியிருப்ப" என்றேன். உடனே தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கிட்டு எழுந்து போயாச்சு. பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கும்போது எழுந்து போறதுக்கு எங்க கத்துக்கிட்ட? சின்ன வயசுல ரேடியோவப் பிரிச்சு ஸ்க்ரூவத் தொலைச்சது நீ, அடி வாங்கினது நான். இன்னிக்கும் அதே கதை, இடம்தான் வேற.

தவறு யாருடையது என்று நாளைக் காலை பத்து மணிக்குள் நான் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் உன்னை இந்தக் குழுவை விட்டே தூக்கிவிடுவார்கள். தெரிந்துதான் கொடுக்கப் போகிறேன். ஆதாரத்துக்கு என் வரைபடத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன், கண்ணை நல்லாத் தொறந்து பாரு.

எது எப்படிப் போனாலும் நீ உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

கோபத்தோடும் ஆசியோடும்,
உன் அண்ணன்

பின்குறிப்பு: இணைப்பதற்காக வரைபடத்தை இப்போதுதான் அலமாரியிலிருந்து எடுத்தேன். மூலையில் உன் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது. "அண்ணா, உள்ள வர்ற பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருக்கிற மாதிரி தெரியுது. ஒரு தடவை பாத்துடேன்." அதன் கீழே சிவப்பு மையில் என் கையெழுத்து: "உன் வேலையை மட்டும் பார்." ஐந்து மாதம் கழித்து இப்போது பார்த்தேன். மாறித்தான் இருக்கிறது. அடக்கி வைக்க வேண்டிய ஒயர் தூக்கிவிடும் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் நான் ஓட்டிய சோதனை, கூர்முனையில் நிறுத்திய பென்சிலையும் நிற்கிறது என்றே சொல்லும். ஒரு தட்டு தட்டிப் பார்க்கும் சோதனையை நேரமில்லை என்று விட்டவன் நான்தான். இப்போது ஓட்டினேன். நாலு நிமிடம் ஆயிற்று. கோடு நேராகக் கூரைக்குப் போனது. என் தவறை நீ ஒரு மயிரிழை பிசகாமல் சிலிக்கானில் வரைந்து கொடுத்திருக்கிறாய்.

நாளைய அறிக்கையில் உன் சீட்டை என் சிவப்பு மையோடு அப்படியே ஒட்டிவிட்டேன். எல்லோர் முன்னாலும் நானே படிப்பேன். மன்னிச்சுடும்மா. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் கூட்டத்தில் சொன்னதைக் கிழிக்க முடியாதே, அதனால் இதுவும் வரட்டும். திருப்பி எழுதக் கட்டைவிரல் விடவில்லை. மேலே திட்டியிருக்கும் இடத்தில் எல்லாம் 'நீ' என்பதையும் 'நான்' என்பதையும் இடம் மாற்றிப் படித்துக்கொள், சரியாக வேலை செய்யும். ஆசி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.