ஏழு கத்தரிப்பூத் தலைப்புகள்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் நலமாக இருக்கிறோம். நீயும் என் மகனும் அதைவிட ஒரு படி மேலாக இருக்க வேண்டும். துணி துவைக்கும் மெஷினின் நலம் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் உன் மேலாளரிடம் காட்டுவதற்கென்றே இதைப் பேனாவால், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, படம் எடுத்து உன் கணவனின் போனுக்கு அனுப்புகிறேன். உன் போனுக்கு ஏன் அனுப்பவில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன்னால், வீட்டில் அத்தனை பேர் கூடியிருந்தபோது, "பொருளடக்கத்துக்கு வர்ணம் பூசறதெல்லாம் ஒரு வேலையாம்மா?" என்று நான் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அன்றிலிருந்து உன் போன் அத்தையின் நம்பருக்கு மட்டுமே வருகிறது. இப்போது உன் மேலாளரும் நான் கேட்டதையே கேட்கிறாராம். உங்கள் கம்பெனி துணி துவைக்கும் மெஷினுக்கு நீ இணையத்தில் எழுதும் உதவிப் பக்கத்தின் பொருளடக்கத்தில் எல்லா லிங்க்கும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கட்டும், கோடும் வேண்டாம், கலரும் வேண்டாம், யார் கவனிக்கிறார்கள் என்கிறாராம். கவனித்தேன் என்று படிப்பவர் ஒருவராவது சொன்னால்தான் உன் பேச்சு எடுபடுமாம். மகன் சொன்னான். ஆகவே நான் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை உன் அத்தை தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அவளுடைய வெள்ளை மேஜைவிரிப்பில் ஒரு டம்ளர் டீயைக் கவிழ்த்துவிட்டேன். அவள் வருவதற்குள் துவைத்து, காயவைத்து, விரித்துவிட்டு, ஒன்றும் அறியாதவன் மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருப்பது என் திட்டம். விரிப்பை மெஷினில் போட்டு பட்டனை அழுத்தினால் 'கீ' என்றது. மறுபடி அழுத்தினால் 'கீ கீ' என்றது. கெஞ்சினேன், தட்டினேன், ம்ஹூம், கல்லுளிமங்கன் மாதிரி நின்றது. சரி, மருமகள் எழுதின உதவிப் பக்கம் இருக்கிறதே என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். அடேயப்பா! இடது பக்கம் அறுபத்து மூன்று தலைப்பு. பெரிய தலைப்பெல்லாம் தடித்த எழுத்து, குட்டித் தலைப்பெல்லாம் கொஞ்சம் உள்ளே தள்ளி, அம்புக்குறியை மேலே கொண்டுபோனால் அடியில் ஒரு கோடு, நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேனோ அந்தத் தலைப்புக்கு மட்டும் ஓரத்தில் பச்சைப் பட்டை. வண்டி இப்போ எந்த ஸ்டேஷனில் நிற்குது என்று எவனையும் கேட்க வேண்டியதில்லை. முப்பத்தோரு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் சொல்றேன், சொக்கிப்போயிட்டேன்மா.

அதுக்கு மேலதான் ஆச்சரியம். எல்லாத் தலைப்பும் நீலமா இருக்க, ஏழே ஏழு மட்டும் கத்தரிப்பூ கலர்! சிக்னல் பார்த்தே வயிறு வளர்த்தவன் நான், கலர் சும்மா மாறாதுன்னு எனக்குத் தெரியாதா? எங்க மெஷினுக்கு என்ன நோவுன்னு நீ முன்கூட்டியே கண்டுபிடிச்சு, மாமாவுக்குன்னு ஏழைக் குறிச்சு வச்சிருக்கேன்னு பளிச்சுன்னு புரிஞ்சுபோச்சு. நீலத்தை ஏறெடுத்தும் பார்க்கல. முதல்ல 'தண்ணீர் வடியாவிட்டால்', தரையில படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன், ஈரமே இல்லை. அடுத்தது 'வடிகட்டியைச் சுத்தம் செய்தல்', கழற்றினா ஏற்கெனவே பளபளன்னு இருக்கு. மூணாவது 'தண்ணீர்க் குழாயைக் கழற்றி மாட்டுதல்', கழற்றினேன், பீச்சியடிச்சுது பாரு, கண்ணாடி ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், கால் மணி நேரத்துல கீழ்வீட்டுப் பல் டாக்டர் குடையோட வந்து நின்னு, "சார், எங்க ஹால்ல மழை பெய்யுது. முதல்ல குழாயை மூடுங்க சார்!"ங்கறார். தண்ணியை மூடிட்டுத்தான் கழற்றணும்னு 'தொடங்கும் முன்'ங்கற நீலத் தலைப்புல இருந்திருக்கு. அதையும் நீ கத்தரிப்பூவா வச்சிருக்கலாம், உன்கிட்ட நான் கண்ட குறை அது ஒண்ணுதான்.

குழாயைத் திரும்ப மாட்டிட்டு அடுத்த மூணையும் பார்த்தேன், ஒண்ணும் பலிக்கல. கடைசி, ஏழாவது தலைப்பு 'குழந்தைப் பூட்டு'. எனக்குச் சுருக்குன்னுச்சு. எழுபது வயசு ஆளுக்குக் குழந்தைப் பூட்டா? அன்னிக்குப் பேசினதுக்கு இன்னிக்குக் குத்திக்காட்டறாளோன்னு நினைச்சேன். ஆனாலும் சொன்னபடி ரெண்டு பட்டனைச் சேர்த்து மூணு நொடி அழுத்தினேன். டிங்குன்னு ஒரு சத்தம், மெஷின் ஓட ஆரம்பிச்சிடுச்சு! நான் சொட்டச் சொட்ட நின்னுக்கிட்டு கைதட்டறேன், டாக்டர் குடையை இடுக்கிக்கிட்டு அவரும் தட்டறார்.

உன் மேலாளர் இந்த இடத்தை நிதானமாகப் படிக்கட்டும். நேரில் பார்க்காத மெஷினுக்கு வெறும் கலரை வைத்தே வைத்தியம் பார்த்தவள் என் மருமகள். அன்றைக்கு நான் பேசியது திமிர். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. நீயும் அவனும் எல்லா நலமும் பெற்று, உன் லிங்க்குகள் ஒருநாளும் சாயம் போகாமல் விளங்க வாழ்த்தும்,

மாமா

பின்குறிப்பு: உன் அத்தை வந்து கடிதத்தைப் படித்துவிட்டு, சோபாவில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மெஷினுக்கு ஒரு நோவும் இல்லையாம். போன வாரம் தண்ணி வடியலைன்னு அவளே பார்த்துச் சரிபண்ணிட்டாளாம். ஒருதரம் திறந்து படிச்ச தலைப்புதான் கத்தரிப்பூ ஆகுமாம், அந்த ஏழும் இதே கம்ப்யூட்டர்ல அவ படிச்சதாம். குழந்தைப் பூட்டைப் போட்டதும் அவளேதான், நான் மெஷின் மேல கை வைக்கக் கூடாதுன்னு! "அப்போ 'தொடங்கும் முன்' மட்டும் ஏன் படிக்கல?"ன்னு கேட்டேன். "குழாயை மூடணும்னு தெரிஞ்சுக்கப் படிக்க வேற செய்யணுமா?"ங்கறா. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டுச் சொன்னா: "எனக்குக் கிடைக்கறது பத்துப் பத்து நிமிஷம். விட்ட இடத்தை அந்தக் கலர்தாங்க எனக்குக் காட்டிச்சு. அதை எடுத்தா நான் மறுபடி முதல்லேர்ந்து படிக்கணும். இதை அவகிட்ட சொல்லுங்க."

ஆகவே மேலே நான் எழுதியதையெல்லாம் மறைத்துவிட்டு, அத்தை சொன்ன இந்த நாலு வரியை மட்டும் மேலாளரிடம் காட்டு. இன்னொன்று. விஷயம் தெரிந்த ஆர்வத்தில் மிச்சம் ஐம்பத்தாறையும் நான் திறந்துவிட்டேன், இப்போது எல்லாமே கத்தரிப்பூ. நான் திறந்ததுக்குத் தனியா ஒரு கலர் வைக்க முடியுமான்னு உன்னைக் கேட்கச் சொல்றா உன் அத்தை.

மீட்டிங் முடிஞ்சதும், ஜெயிச்சாலும் தோத்தாலும், என் நம்பருக்குப் போன் பண்ணும்மா. பக்கத்துலயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.