சல்லடை அண்ணன் பாஸ் பண்ணிய ஏத்தம்பழம்

பயப்படுவதற்குச் சம்பளம் என்று ஒன்று இருந்திருந்தால், போடிநாயக்கனூரிலேயே பெரிய பங்களா சல்லடை அண்ணனுடையதாகத்தான் இருந்திருக்கும். அப்படி ஒன்று இல்லாததால் எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். தெருவில் யாருக்கும் தெரியாது. ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை. மலையிலிருந்து இறங்குகிற காயைச் சல்லடையில் போட்டு ஆட்டுவார். எட்டு மில்லிமீட்டர் கண்ணில் விழாமல் மேலே நிற்பது முதல் தரம். விழுந்தது அதற்கடுத்த சல்லடைக்குப் போகும். கைப்பழக்கம் வாய்க்கும் வந்துவிட்டது. வானம் தூறினால், "ஏழு எம்எம் தூறல்தான் தாயி, துணிய எடுக்க வேணாம்" என்பார். சொன்ன கையோடு, இடி விழுந்துவிடுமோ என்று பயந்து மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். எங்கள் வீட்டு மெயின் சுவிட்சையும் சேர்த்துத்தான்.

எங்கேயோ தேவாரம் ஊர்ப் பக்கம் யானை இறங்கியது என்று கேள்விப்பட்டால் போதும், இங்கே கேட்டுக்கு இரட்டைப் பூட்டு. அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினிக்குப் பயம் என்பதே கிடையாது. அந்த வீட்டுக்கு உண்டான மொத்தப் பயத்தையும் இவரே எடுத்துக்கொண்டதால் அவருக்கு மிச்சமில்லாமல் போயிருக்கலாம்.

"ஆனை வந்தா கேட்டோட பிடுங்கிட்டுப் போகப் போகுது, பூட்டு எதுக்குங்க?" என்பார் மதினி.

"வந்த ஆனைக்கும் ஒரு சோலி வைக்கணும்ல" என்பார் அண்ணன்.

குரங்கணியில் ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் ஜீப்பில் போனோம். ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் இறங்கி முன்னால் நடந்து போய், "வரலாம், வரலாம்" என்று கை காட்டினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையும் பெண்ணும் மறுவீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் என் மகளை விட்டுவிட்டு நான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

நான் அப்போது சிலமலையில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். என் கணவருக்கு மலையில் ஏலத்தோட்டத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இறங்குவார். யாழினிக்கு எட்டு மாதம், பிரசவ லீவு முடிந்திருந்தது. வருகிற திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாக மதினி ஏற்றுக்கொண்டார். சிக்கல் யாழினிதான். கரண்டியைக் கண்டால் வாயைக் கடை ஷட்டர் மாதிரி இறக்கிவிடுவாள். கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம், எதற்கும் திறக்கவில்லை. எடையும் ஏறவில்லை. நான் வீட்டில் இல்லாத பகலில் பிள்ளை பட்டினியாகக் கிடக்குமே என்று எனக்கு ஒரே கவலை. ஆனால் என் தட்டில் இருக்கிற இட்லியை மட்டும் எட்டி எட்டிப் பிடுங்கினாள்.

"அவளே எடுத்துச் சாப்பிடட்டும்" என்றார் டாக்டரம்மா. "நிமிர்ந்து உட்கார வைங்க. எதிர்ல எப்பவும் ஒரு ஆள் இருக்கணும். விரல் நீளத்துக்கு நறுக்குங்க, ரெண்டு விரலால அழுத்தினா நசுங்கணும். இருமிச் சத்தம் போட்டாள்னா அவளே வெளியே தள்ளிடுவா, வாய்க்குள்ள விரலை விடாதீங்க. சத்தமே வரலேன்னாத்தான் ஆபத்து." அப்படிச் சத்தம் வராமல் போனால், தலை தாழ முன்கையில் குப்புறப் படுக்கவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே எப்படித் தட்டுவது என்றும் ஒரு பொம்மையை வைத்துச் செய்து காட்டினார்.

வீட்டுக்கு வந்து மதினியிடமும் அண்ணனிடமும் இதை ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். அண்ணன் காதில் "ஆபத்து" மட்டும்தான் விழுந்தது என்பது மறுநாள் தெரிந்தது. கடையிலிருந்து சல்லடையோடு வந்து நின்றார். கூடவே ஒரு தட்டு. தட்டில் பொரிகடலை, வேர்க்கடலை, மாதுளை முத்து, பச்சைப் பட்டாணி.

"எல்லாத்தையும் எட்டு எம்எம்ல சலிச்சாச்சு தாயி. கீழ விழுந்தது மட்டுந்தான் பாப்பாவுக்கு. சின்னச் சின்னதா இருக்கு பாரு, தொண்டையில நிக்காது."

ஒரு பிள்ளையின் மூச்சுக்குழாய்க்கு எதெது ஆகாதோ அத்தனையையும் தேடிப் பொறுக்கி ஒரே தட்டில் வைத்திருந்தார். அது போதாதென்று, நான் வேகவைத்திருந்த கேரட் துண்டையும் சல்லடையில் போட்டு ஆட்டினார். அது விழவில்லை. "நிக்குது பாரு. இது ஆகாது" என்று ஓரமாக எடுத்து வைத்தார்.

திட்டத்தான் வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. இரவெல்லாம் தூங்காத கண்.

"அண்ணே, உங்க கடையில எது ஒசத்தி? மேல நிக்கிறதா, கீழ விழுறதா?"

"மேல நிக்கிறதுதான். இதென்ன கேள்வி?"

"பாப்பாவுக்கும் அதேதாண்ணே. கீழ விழுறது அவ மூச்சுக் கொழாய்க்குள்ளயும் விழுந்துரும். நீளமா இருந்தா கையில பிடிச்சுக்கிட்டு, கொஞ்சங் கொஞ்சமா ஈறுல கரைச்சுத் திம்பா."

அண்ணன் சல்லடையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "அப்ப மொதத் தரந்தான் ஆத்தாளுக்கு" என்று மெல்லச் சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தெருக்கோடியில் கொட்டிவிட்டு வந்தார்.

அதோடு விட்டாரா? சாயங்காலம் திராட்சையோடு வந்தார். "மேல நிக்குது தாயி." உருண்டையாக இருக்கிற எதுவும் முழுசாக ஆகாது, நீளவாக்கில் நாலாகக் கீற வேண்டும் என்றேன். அன்றிலிருந்து உருண்டை எதைக் கண்டாலும் அவருக்குப் பகை. விசேஷ வீட்டில் கொடுத்த லட்டைக்கூட நாலாகக் கீறித்தான் தின்றார். சல்லடைக் கண்ணில் விழுகிற எதுவும் இனி வீட்டுத் தரையில் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டார். சிந்திய ஏலக்காய் போயிற்று, மதினியின் ஜிமிக்கி பரண் ஏறியது. தன் சட்டைப் பித்தான்களையும் அறுத்துவிட்டு ஊக்கு மாட்டினார். ஊக்கும் சல்லடையில் விழுந்தது. இரண்டு நாள் நெஞ்சைத் திறந்துபோட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

இவை எல்லாவற்றையும்விட மோசம், நசுங்க வேண்டும் என்ற விதியை அவர் பிடித்துக்கொண்டதுதான். கேரட், பூசணி, சர்க்கரைவள்ளி, எதுவானாலும் அழுத்திப் பார்ப்பார். சந்தேகம் தீர மறுபடியும் அழுத்துவார். தட்டுக்கு வரும்போது அது பழையபடி கூழாகியிருக்கும். யாழினி பழையபடி வாயை மூடிக்கொள்வாள். வெள்ளி போயிற்று, சனியும் போயிற்று. வேலையை விட்டுவிடலாமா என்று நான் யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

ஞாயிறு காலையில் என் கணவர் மலையிலிருந்து ஏத்தம்பழம் என்கிற நேந்திர வாழைப்பழம் கொண்டுவந்து போட்டுவிட்டு அலுப்பில் படுத்துவிட்டார். அதை வேகவைத்து, விரல் நீளத்துக்கு நறுக்கினேன். அண்ணன் ஒரே ஒரு துண்டை மட்டும் அழுத்திப் பார்க்கலாம் என்று மதினி உத்தரவு போட்டார். பார்த்தார். பாஸ். யாழினியை நிமிர்த்தி உட்காரவைத்துத் தட்டை முன்னால் வைத்தோம். எடுத்தாள், சப்பினாள், திடீரென்று புதுப் பல்லால் பெரிதாக ஒரு கடி கடித்துவிட்டாள்.

முகம் சிவந்தது. கண்ணில் நீர் முட்டியது. நாக்கை நீட்டிக்கொண்டு உமட்டினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டரம்மா சொன்னது ஒன்றுகூட நினைவில் இல்லை. "யாரோ நெனைக்கிறாக" என்று மதினி பிள்ளையின் தலையில் தட்டக் கை ஓங்கினார். அவருடைய இன்னொரு கை வாய்க்குள் விரலை விடப் போயிற்று.

"தொடாத."

மதினியை எதிர்த்து அண்ணன் ஒரு வார்த்தை பேசி அந்தத் தெரு கேட்டதில்லை.

"நெனைக்கிறவுக அப்புறமா நெனைக்கட்டும். சத்தம் வருது. கேளு. வருதுல்ல?"

வந்தது. இருமல் சத்தம். அண்ணன் தன் கைகள் தப்பித்தவறி நீண்டுவிடக் கூடாது என்று முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டு நின்றார். "இருமுத்தா. நல்லா இருமு. மாமன் இங்கனதான் இருக்கேன்."

யாழினி இருமினாள். இன்னொரு முறை இருமினாள். துண்டு வழுக்கிக்கொண்டு மடியில் வந்து விழுந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடுத்து மறுபடியும் வாயில் போட்டு, இந்த முறை பொறுமையாகக் கரைத்து விழுங்கிவிட்டு, அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினாள்.

அண்ணன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். அது அவருக்குப் புரையேறிவிட்டது. மதினி அவர் தலையில் தட்டினார். அந்தத் "தொடாத"வுக்கும் சேர்த்தே தட்டினார் என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். மதியம் மணி அடித்ததும் போன் செய்தேன். மதினி எடுத்தார்.

"உங்க அண்ணன் கடையில சொல்லிட்டு வந்து பிள்ளைக்கு எதுத்தாப்புல சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு. பிள்ளை திங்குது. இவருக்கு வேர்க்குது."

அன்றைக்கு மட்டுமில்லை, நாங்கள் அந்தத் தெருவில் இருந்தவரை அவள் சாப்பிடுகிற நேரத்துக்கு அவர் வந்துவிடுவார். பெற்றவள் நான். ஆனாலும் வகுப்பில் நின்று பாடம் நடத்தியபோது ஒரு நாளும் என் மனசு பதறியதில்லை. எனக்கும் சேர்த்துப் பயப்பட அங்கே ஒருவர் இருந்தார்.