முழுப்பேர்: மாதம் இருபத்தைந்து நாள்

இதை எழுதுவதா வேண்டாமா என்று நாலு வருஷமாகத் தயங்கினேன். இதற்கென்று இரண்டு தடவை கொப்பி வாங்கினேன். இரண்டையும் பஜனைப் பாட்டு எழுதக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கந்தப்பளைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டியில் வேறு இருக்கிறேன். படித்தால் சிரிக்க மாட்டார்களா? சிரிக்கட்டும். முருகன் எனக்குச் செய்ததை மறைத்து வைப்பதுதான் பாவம் என்று இப்போது தோன்றுகிறது.

அப்போது எனக்குத் தேயிலை நாற்று மேடையில் வேலை. ஒரு நாள் அந்த மேடையையே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் கூப்பிட்டால் பெரிய விஷயம். என் மனைவி செல்வராணிக்கோ முழங்கால் வீங்கியிருந்தது. அந்தக் காலோடு மலை ஏறிக் கொழுந்து பறித்தாள். எனக்கு ஒரு நிரந்தர வேலை கிடைத்தால் அவளை வீட்டில் உட்கார வைக்கலாம். நான் முருகனிடம் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

எங்கள் தோட்டங்களில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. சொன்ன எடைக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர் போடுவார்கள், குறைந்தால் அரைப்பேர். காலையிலிருந்து மழையில் நின்றிருந்தாலும் அரைப்பேர்தான். மாதம் இருபத்தைந்து நாளும் முழுப்பேர் வாங்கிய செல்வராணி, கால் வீங்கிய பிறகு அரைப்பேரோடு வீடு வருவாள். அன்றைக்கெல்லாம் என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் என் மகள் கவிதா போன் பண்ணினாள்.

"அப்பா, வேலை குடுக்குறவங்களும் தேடுறவங்களும் பழகிக்கிறதுக்குன்னே ஒரு தளம் இருக்கு. அதுல பேரு, படம், தெரிஞ்ச வேலை எல்லாம் போடணும். ஞாயித்துக்கெழமை வந்து செஞ்சு தரவா?"

"ஒனக்கு எதுக்கும்மா சிரமம்? நானே போட்டுக்குவேன்."

(இந்த வாய்தான் எனக்கு எப்போதும் எதிரி.)

போனில் அதைத் திறந்தேன். முதல் கட்டத்தில் நல்ல தமிழிலேயே கேட்டிருந்தது: 'முழுப் பெயர்'.

எனக்குப் புல்லரித்துவிட்டது. எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார்களே! வேலைக்கான தளம் வேலையைத்தானே கேட்கும்? முருகனை நினைத்துக்கொண்டு எழுதினேன்: 'மாதம் இருபத்தைந்து நாள். அரைப்பேர் கிடையாது.'

அடுத்து படம் கேட்டது. என் மூஞ்சியைக் காட்டியா வேலை கேட்பது? எங்கள் கோயில் முருகனைத் தேர்த் திருவிழா அலங்காரத்தோடு போட்டேன். தெரிந்த வேலை: செடி வளர்ப்பது. கடைசிவரை என் சொந்தப் பேரைக் கேட்கவில்லையே என்று ஒரு சந்தேகம் வந்தது. நேரில் கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் தொடர்பு வளர்க்க ஆரம்பித்தேன். எங்கள் லயத்து வீட்டு வாசலில் நான் வளர்த்த ரோஜாவையும் டேலியாவையும் தினமும் படம் எடுத்துப் போட்டேன். வேலை போய்விட்டது என்று யார் எழுதினாலும், 'வருத்தப்படாதீங்க, முருகன் பாத்துக்குவார்' என்று எழுதினேன். முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே அது வரும். (முருகனே வாக்குக் கொடுத்த மாதிரி!) ஒரு பெரிய அதிகாரி, 'பத்து வருடங்களுக்குப் பின் கனத்த மனதுடன் விடைபெறுகிறேன்' என்று போட்டிருந்தார். கம்பெனி மாறுகிறார் என்பது கீழே இருந்திருக்கிறது. நான் மேலோடு படித்துவிட்டு, 'ஆழ்ந்த அனுதாபம். எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?' என்று கேட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலிலிருந்து செய்தி. தோட்டக்காரர் வேலைக்கு நேர்முகம். திருநீறு பூசி, மகள் வாங்கித் தந்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எட்டுப் பேர் வந்திருந்தார்கள்.

வரவேற்பில் இருந்த சிங்களப் பிள்ளை கடதாசியைப் பார்த்து, தன் பாஷை மரியாதையோடு சத்தமாகக் கூப்பிட்டது:

"மாதம் இருபத்தைந்து நாள் மஹத்தயா?"

யாரும் எழும்பவில்லை.

"மிஸ்டர் அரைப்பேர் கிடையாது?"

எல்லோரும் சிரித்தார்கள். அதில் என் சிரிப்புதான் பெரிது. பக்கத்தில் இருந்தவரின் தொடையில் தட்டி, "இப்படியும் பேரு வப்பாங்களாண்ணே? யாரு பெத்த புள்ளையோ, பாவம்!" என்றேன்.

அந்தப் பிள்ளை வேறு வழியில்லாமல் கடதாசியில் இருந்த நம்பரை அழுத்தியது. என் சட்டைப் பையில் கோயில் மணி அடித்தது. நான் வைத்திருந்த ரிங்டோன் அது.

சிரிப்பு நின்றது. நான் எழும்பி நடந்தேன். அந்த அறைக் கதவு பத்தடி தூரம்தான். எனக்குப் பீதுருதாலகால மலை ஏறினது போல இருந்தது.

உள்ளே இருந்த அதிகாரி சிவகௌரி அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். மேசையில் என் விவரக் கடதாசி. அதில் முருகன் மயிலோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"இருங்கோ ஐயா. உங்கட பேர் என்ன?"

"மாணிக்கம் அம்மா."

"அப்ப இது?"

"அது... நீங்க முழுப்பேரு கேட்டீங்களே அம்மா."

அவருக்கு விளங்கவில்லை. நான் சொன்னேன். முழுப்பேர், அரைப்பேர், செல்வராணியின் கால், அவள் என் முகத்தைப் பார்க்காத சாயங்காலங்கள், எல்லாம் வந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"உண்மையைச் சொன்னால், பேரைப் பாத்துச் சிரிக்கத்தான் முதல் உங்கட பக்கத்தைத் திறந்தனான். பாத்தால், வேலை போன ஒவ்வொருத்தருக்கும் ஆறுதல் சொல்லியிருக்கிறியள். உங்களுக்கும் வேலை இல்லையெண்டு ஓரிடத்திலயும் எழுதேல்லை. இந்த முருகன் ஆரெண்டு பாக்கத்தான் கூப்பிட்டனான்."

வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே வரிசையாக ரோஜாத் தொட்டிகள்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. அந்த ரோசாவுக்குத் தண்ணி கூடிப்போச்சு. எல மஞ்சளாயிருக்கு பாருங்க. வேரு அழுகுது."

அவர் தொட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒண்டாந்திகதி வாங்கோ. இஞ்ச அரைப்பேர் இல்லை, ஐயா."

அந்த அம்மாவை நினைக்காமல் இன்றுவரை நான் விளக்கேற்றியதில்லை. ஊரே சிரித்த ஒரு பேரைத் திறந்து, உள்ளே ஒரு மனுஷன் இருக்கிறானா என்று பார்த்தவர் அவர்.

வீட்டில் சொன்னபோது செல்வராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முருகனையே இன்டர்வியூவுக்கு அனுப்பிட்டு, நீங்க வெளிய ஒக்காந்து சிரிச்சீங்களாக்கும்!" ஒன்றாம் தேதி நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது, அவளுடைய கொழுந்துக் கூடை சுவரில் கவிழ்ந்து தொங்கியது. அவள் என் முகத்தை நேராகப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்றாள்.

ஹோட்டலில் என் அடையாள அட்டையில் மாணிக்கம் என்றுதான் இருக்கிறது. கூப்பிடுவது எல்லோரும் 'முழுப்பேர் அண்ணே' என்றுதான். வீட்டில் நான் பாத்திரம் கழுவினால் செல்வராணி சட்டியைத் தடவிப் பார்த்து, "அடி கரி போகல. இன்னைக்கு அரைப்பேருதான்" என்பாள். கவிதா கொழும்பிலிருந்து போன் பண்ணினால் முதல் கேள்வி, "அப்பாவுக்கு இன்னைக்கு என்ன பேரும்மா?"

படித்தவர்கள் நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து எதையும் திருத்திவிடாதீர்கள். நான் சிரித்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒரு சொல் குறைந்தாலும் எனக்கு அரைப்பேர்தான் விழும்.