பெருங்கடவிளைப் பையன் கொண்டுவந்த டீசல் எஞ்சின்

பாறசாலை

அன்புள்ள தங்கச்சி விலாசினிக்கு அண்ணன் பொன்னப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் மைனியும் மகள் அஸ்வதியும் சுகம். வெள்ளறடையில் நீங்கள் எல்லோரும், ரப்பர் மரங்கள் உட்பட, சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், ஆகவே இக்கடிதம்.

நீ சொன்ன பெருங்கடவிளை மாப்பிள்ளை பிரதீஷ் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தான். ஆள் கொள்ளாம், நல்ல பையன்தான். ஆனால் கையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. முப்பத்திரண்டு வருஷம் டீசல் எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்ற என் முன்னால், முழ நீளத்துக்கு ஒரு டீசல் எஞ்சின் பொம்மையைக் கொண்டு வைக்கிறான்! கையால செஞ்சதாம், அச்சு அசலாம். எது அச்சு அசல்? முன்னாலயும் பின்னாலயும் மூணு மூணா சக்கரம், எல்லாத்துக்கும் நடுவிலே ஒரே இடைவெளி. நான் ஓட்டின எஞ்சினிலே ஒண்ணு கிட்ட, ஒண்ணு தள்ளியாக்கும். அந்தக் கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சு ஏறினா நேரே ஆஸ்பத்திரிதான். உள்ளே இருக்க டிரைவருக்குத் தொப்பி வேற! நாங்க தலையிலே தோர்த்துத் துண்டு கட்டிட்டுல்லா வேலை பாத்தோம்? போகட்டும்னு திருப்பிப் பாத்தா, வலது பக்கத்தை அப்படியே இடது பக்கத்திலயும் செஞ்சு வச்சிருக்கு, அசலிலே ரெண்டும் வேற வேறயாக்கும். த்தூ!

விட்டேனா? பென்சிலாலே ஒவ்வொண்ணா தொட்டுக் காட்டி அரை மணிக்கூர் கிழிச்சேன். பய வாயே திறக்கல்ல, ஏத்தங்காய் உப்பேரிகூட தின்னல்ல. உன் மைனி அடுக்களையிலேருந்து கண்ணைக் காட்டுறா, அஸ்வதி மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு நிக்கா. நிக்கட்டும். ஒரு எஞ்சினை ஒழுங்கா பாக்கத் தெரியாதவன் என் பிள்ளையை எப்படிப் பாப்பான்? இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு நாளைக்கே சொல்லிரு.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அண்ணன் பொன்னப்பன்
லோக்கோ பைலட் (ஓய்வு)

பி.கு.: கவரை ஒட்டுறதுக்குள்ள அஸ்வதி இதை வாசிச்சிட்டா. எஞ்சினைச் செஞ்சது அவளாக்கும், மக்கா! எட்டு மாசம், எனக்குத் தெரியாம, எனக்குத் தரதுக்கு. "நான் தந்தா குத்தம் சொல்லுவிய. வெளியாளு தந்தா மரியாதைக்காவது வாய் மிண்டாம இருப்பியன்னு அவரு கையிலே குடுத்தேன்"ன்னு அழுதா. இடது பக்கம் ஏன் அப்படின்னு கேட்டேன். "சின்னதிலே ரயில்வே கேட்டிலே நின்னு கைகாட்டும்போ நான் கண்டது ஒரு பக்கம்தானே அப்பா? மறுபக்கம் எப்ப கொண்டு காட்டினிய?"

ரெண்டுபேரும் முன்னமே பரிச்சயமாம், உனக்கும் தெரியுமாமே, கள்ளி. வேண்டாம்னு ஒண்ணும் சொல்லிராத. செய்யாத குத்தத்துக்கு அவ்வளவு ஏச்சு வாங்கியும் அவளைக் காட்டிக்குடுக்காத பயலை நான் வேற எங்க போய்த் தேடுவேன்? இன்னைக்கே போய் தேதி கேளு.